பாட்டுக்குப் பின்னால் யார், எதை, எப்போது வாசிப்பது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்ததும் கீழ்த்தள அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். நடுவே பிள்ளைகள் வாசித்துக் காட்டிய இடங்கள் அடைப்புக்குறிக்குள் உள்ளன.)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். இருபது ஆகும் என்று அவருக்கே தெரியும். அதனால்தான் காப்பியை இப்போதே கொடுத்துவிட்டார்.

பொங்கல் விழாவில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஏழு பாட்டு வாசிப்பதாக ஏற்பாடு. மூன்றாவது பாட்டிலேயே முன்வரிசை காலியாகிவிட்டது. பாடிய பெண் என்ன பாடினாள் என்று அவளுடைய அம்மாவுக்கே கேட்கவில்லை. முதல் மாடிப் பாட்டி அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது என்று மறுநாள் எழுதியே கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் இந்தத் தீர்மானம் வந்தது: அடுத்த விழாவிலிருந்து வாத்தியக் குழு வேண்டாம், கரோக்கி டிராக் போட்டுப் பாடினால் போதும். இன்று முடிவு செய்யாமல் ஒத்திவைத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. அந்த இடைவெளியில்தான் நான் நுழைந்தேன்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், வங்கியில் சேர்வதற்கு முன்னும், சேர்ந்து சில வருடங்கள் வரையும், நம் மாவட்டத்து மெல்லிசைக் குழு ஒன்றில் நான் பாங்கோஸ் வாசித்தவன். கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, கல்யாண வீடு என்று சனி ஞாயிறு போய்வருவேன். மேற்கே மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் போனால் அதையே கானமேளா என்பார்கள். அங்கே பாதிப் பாட்டு மலையாளம். பெரிய வாசிப்பாளன் இல்லை. ஆனால் ஒரு பாட்டு எங்கே உட்கார்ந்துவிடும், எங்கே சரிந்துவிடும் என்பது பக்கத்திலேயே இருந்து பார்த்த விஷயம்.

பொங்கலன்று பிள்ளைகள் தப்பாக வாசித்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். கிட்டார் வாசிக்கும் இரண்டு தம்பிகளும் சுத்தம். கீபோர்டு தம்பிக்கு இரண்டு கையும் ஓடுகிறது. கஹோன் என்று சொல்கிறார்களே, உட்கார்ந்துகொண்டே தட்டும் மரப்பெட்டி, பெரு நாட்டிலிருந்து வந்தது, அதை அடிக்கும் பையனுக்கு லயம் நன்றாகவே இருக்கிறது. பாடுகிற பெண்ணுக்குச் சுருதி சுத்தம். தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து கணக்கும் சரி. கூட்டினால் மட்டும் தப்பு வருகிறது. அப்படியானால் தப்பு கூட்டல் போட்ட விதத்தில் இருக்கிறது.

அதனால் நான்கு சாயங்காலம் அவர்களோடு உட்கார்ந்தேன். முதல் நாள் நான் கேட்ட ஒரே கேள்வி: "இந்தப் பாட்டை எதில் கேட்டுக் கற்றுக்கொண்டீர்கள்?" ஐந்து பேரும் போனைக் காட்டினார்கள். பாதி விஷயம் அங்கேயே பிடிபட்டுவிட்டது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நம் ஊர்க் கதை ஒன்றுக்குப் போய்வர வேண்டும்.

நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்கள் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். வெளியூரிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் அடுத்த கொடைக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள். நடுவில் புலவர் உட்கார்ந்து வில்லின் நாணை வீசுகோலால் அடிப்பார். வில்லில் கட்டிய மணிகள் சலசலவென்று சேர்ந்துகொள்ளும். வில்லின் நடுப்பகுதி ஒரு பெரிய மண்குடத்தின் மேல் கட்டப்பட்டிருக்கும். குடக்காரர் அதன் வாயில் பத்தியால் அடித்தால் "கும்" என்று அடிவயிற்றில் ஒரு சத்தம். ஒருவர் உடுக்கு, ஒருவர் ஜால்ரா, ஒருவர் கட்டை. ஐந்தே கருவி. கித்தாரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஆனால் ராத்திரி முழுக்க ஒரு ஊரையே உட்காரவைத்துவிடுவார்கள்.

எப்படி என்று நான் பல வருடம் யோசித்ததில்லை. பாங்கோஸ் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு கொடையில் கவனித்தேன். ஜால்ரா விடாமல் கணக்கு வைக்கிறது. குடம் எண்ணி எண்ணித்தான் விழுகிறது. உடுக்கு பேச்சுக்குப் பதில் சொல்வதுபோல் வரி முடிந்த பிறகுதான் வாயைத் திறக்கிறது. புலவர் கதை சொல்லும்போது எல்லாம் அடங்கி, ஜால்ரா மட்டும் மெல்லக் கேட்கும், சில நேரம் அதுவும் நிற்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது எல்லாம் சேர்ந்து ஏறும். மேல் சத்தம் ஒன்று, அடிச் சத்தம் ஒன்று, நடுவில் பேசுவது ஒன்று. ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காருவதே இல்லை. கணியான் கூத்திலும் இதே கணக்குதான்: இரண்டு மகுடம், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இரண்டும் உச்சமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சினிமாப் பாட்டில் இந்த வேலையைச் செய்வதைத்தான் ரிதம் செக்‌ஷன் என்கிறார்கள். டிரம்ஸ், பேஸ் கிட்டார், தாளம் போடும் கிட்டார், கார்ட்ஸ் பிடிக்கும் கீபோர்டு. நம் பாட்டில் கூடவே தபலா, டோலக், சில சமயம் மிருதங்கம், தவில். பாட்டுக்கு மெட்டுப் போடுவது ஒரு வேலை. இவர்கள் யார், எதை, எப்போது வாசிப்பது என்று பங்கு பிரிப்பது வேறு வேலை. ஏ.ஆர். ரகுமானின் அப்பா ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களில் இசையமைத்தவர். அதைவிட அதிகமாக மற்ற இசையமைப்பாளர்களின் மெட்டுக்கு வாத்தியப் பங்கு பிரித்துக் கொடுத்தவர். நாம் ரேடியோவில் கேட்டு ரசித்த பழைய மலையாளப் பாட்டுகளில் அவர் கைபட்டது நிறைய. பெயர் மட்டும் வராது.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். நான் சின்னப் பையனாக இருக்கும்போது எங்கள் வீட்டில் கையடக்க டிரான்சிஸ்டர். நம் கடற்கரைக்கு இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சுபோலத் தெளிவாக விழும். எல்லாப் பாட்டும் அதில்தான் பாடம். பிறகு ஒரு நாள் கோயில் கொடையில் பெரிய பெட்டி ஸ்பீக்கரில் அதே பாட்டைக் கேட்டேன். பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது! அடியில் யாரோ ஒருவர், குரலுக்குச் சம்பந்தமில்லாததுபோல் நடந்துகொண்டே, சரியான இடத்தில் வந்து வந்து சேர்ந்துகொண்டிருந்தார். அதுதான் பேஸ் கிட்டார். டிரான்சிஸ்டரின் சின்ன ஸ்பீக்கரால் அந்தச் சத்தத்தை எழுப்ப முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பிக்கே 82. போன் ஸ்பீக்கர் அந்த 41-க்குக் கிட்டேகூடப் போகாது. நம் காதுக்குக் கொஞ்சம் ஊகிக்கும் பழக்கம் உண்டு, அதை வைத்து ஏதோ ஓட்டிக்கொள்கிறோம்.

ஆக, நம் பிள்ளைகள் பாட்டைப் போனில் கேட்டார்கள். கேட்டதில் பேஸ் இல்லை. அதனால் அவர்கள் குழுவிலும் பேஸ் இல்லை. அடியில் ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. அந்தக் குறையை ஒவ்வொருவரும் தன்னால் முடிந்தவரை நிரப்பினார்கள். கீபோர்டு தம்பி இடது கையால் அடிச் சுரம் தட்டினான், போதாதென்று அதிலிருக்கும் தானியங்கித் தாளத்தையும் ஓடவிட்டான். கிட்டார் இரண்டும் விடாமல் மேலும் கீழும் அடித்தன. கஹோன் பையன் எல்லோரையும் மிஞ்ச வேண்டியதாயிற்று. பாடுகிற பெண் கத்த வேண்டியதாயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

இதே தப்பை நானும் செய்தவன். சேர்ந்த புதிதில் பாங்கோஸில் எங்கே இடம் கிடைத்தாலும் உருட்டுவேன். பாடுபவர் மூச்சு எடுத்தால் ஒரு ரோல், வரி முடியுமுன்னே ஒரு ரோல். ஒரு திருவிழாக் கச்சேரியில் இடைவேளையின்போது எங்கள் தபலா அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். "மக்கா, நீ நல்லாத்தான் அடிக்க. ஆனா அவன் பாடுகதுக்கு ஒரு சந்து உடு கேட்டியா? நீ அடிச்சது யாருக்கும் நாளைக்கு நினைவிருக்காது. அவன் பாட்டு கேக்காம போனது எல்லாருக்கும் நினைவிருக்கும்." எனக்கு முகம் தொங்கிவிட்டது. இரண்டாம் பாதியில் கோபத்தில் பாதிதான் அடித்தேன். முடிந்ததும் ஒருவர் மேடைக்கு வந்து, "இன்னைக்கு பாங்கோஸ் எடுப்பா இருந்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, பெரியவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள்? இரண்டு மூன்று பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எம்.எஸ். விஸ்வநாதன், ராமமூர்த்தி காலத்தில் பாங்கோஸ் ஒரு ராஜா. 1964-ல் வந்த புதிய பறவைப் பாட்டுகளைக் கேளுங்கள். வாத்தியங்கள் ஒரு பட்டாளம். ஆனால் சுசீலா பாட ஆரம்பித்ததும் பட்டாளம் வழிவிட்டு ஒதுங்கிவிடும். இடையிசையில்தான் திரும்ப வரும். டிரம்ஸில் நோயல் கிராண்ட் என்ற கலைஞர் அந்தக் காலத்துச் சென்னையில் பெயர்பெற்றவர்.

1976-ல் அன்னக்கிளி வந்தபோது நான் கல்லூரிக்காரன். ஊர்ப் பாட்டு வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். எங்கள் குழுவுக்கு வேறு பிரச்சினை வந்தது. அதுவரை புதுப் பாட்டை இரண்டு தடவை கேட்டுவிட்டு மேடையில் ஒப்பேற்றிவிடுவோம். இளையராஜா பாட்டை அப்படி ஒப்பேற்ற முடியவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர் அவர். யார் என்ன வாசிப்பது என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரக்குறிப்பு எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். பேஸ் கிட்டாருக்கும் சேர்த்து. அதனால் அவருடைய பேஸ் காலை மட்டும் ஊன்றி நிற்பதில்லை. அது தனியாக ஒரு மெட்டுப் பாடுகிறது. 1982-ல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்து நிலாப் பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். கிட்டாரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான், சந்திரசேகர் வாசித்தது. ஆனால் இன்று இரவு நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு குரலை விட்டுவிட்டு அடியில் மட்டும் கேளுங்கள். பேஸ் கிட்டாருக்கு சசிதரன், டிரம்ஸுக்குப் புருஷோத்தமன், கீபோர்டுக்கு விஜி மேனுவல், கிட்டாருக்கு சதானந்தம் என்று அவரிடம் ஒரு நிலையான கூட்டம் இருந்தது. வருடக்கணக்காக ஒரே கூட்டம் சேர்ந்து வாசித்தால் ஒருவர் கை எங்கே போகும் என்று இன்னொருவருக்குத் தெரியும். ஒரே கிளையில் பத்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். காசாளர் தலை நிமிர்ந்தாலே டோக்கன் எண் என்ன என்று நமக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் கீபோர்டு வாசித்த பையன்களில் ஒருவர்தான் 1992-ல் ரோஜா தந்த ரகுமான். அவர் கணினியில் தாளத்தைக் கட்டி அடுக்கினார். எங்களைப்போன்ற மேடைக் குழுக்களுக்கு அது பெரிய இடி. பத்துப் பேர் வாசித்தாலும் அந்தச் சத்தம் வரவில்லை. ரிதம் பேட் வைத்திருந்த ஒருவர் தட்டினால் வந்துவிட்டது. பாங்கோஸ்காரனும் டோலக்காரனும் வீட்டில் உட்கார்ந்தார்கள். அந்த மனத்தாங்கல் எனக்கு இப்போதும் கொஞ்சம் உண்டு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரத் தாளத்தின் மேலே அவர் பேஸ் கிட்டாருக்கு கீத் பீட்டர்ஸ் என்ற மனிதரை உட்காரவைத்தார், மேளத்துக்கு சிவமணியைக் கூப்பிட்டார். வாத்தியக்காரர் பெயர்களை இசைத்தட்டு அட்டையில் அச்சிடவும் செய்தார். அதுவரை கேசட் அட்டையில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர், அத்தோடு சரி. வெளிநாட்டிலும் இதே நிலைதான். அமெரிக்காவில் மோட்டவுன் என்ற கம்பெனியின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1971-ல் மார்வின் கே-யின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டு உறையில்தான் அந்த வாத்தியக்காரர்களின் பெயர்கள் ஒருவழியாக வெளியே வந்தன.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் ஒரு சார்ட் பேப்பர் கொண்டுபோனேன். இதோ, பின்னால் ஒட்டியிருக்கிறது. வங்கிக்காரன் வேறு என்ன செய்வான், கட்டம்தான் போட்டேன். நாலு எண்ணிக்கைத் தாளத்தை எட்டுக் கட்டமாகப் பிரித்தேன். ஒண்ணு-உம், ரெண்டு-உம், மூணு-உம், நாலு-உம். எட்டு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரிசை. பொங்கலன்று வாசித்ததுபோலவே வாசிக்கச் சொல்லி, அடி விழும் கட்டத்தில் எல்லாம் புள்ளி வைத்தேன். கிட்டார் இரண்டு, கீபோர்டின் இடது கை, கீபோர்டின் தானியங்கித் தாளம், கஹோன். ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு, மொத்தம் 40 கட்டம். எத்தனை புள்ளி விழுந்தது தெரியுமா? நாற்பது. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. பிள்ளைகளே பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

பிறகு அழித்து எழுதினோம். தானியங்கித் தாளத்தை நிறுத்தினோம். கஹோனின் நடுவில் தட்டினால் வரும் ஆழமான அடி 1-லும் 5-லும் மட்டும். விளிம்பில் தட்டும் "சட்" 3-லும் 7-லும். கீபோர்டு தம்பி இடது கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியது. வலது கையால் 1-ல் ஒரு கார்ட் பிடித்து எட்டுக் கட்டமும் அப்படியே நிறுத்த வேண்டியது. முதல் கிட்டார் 3-லும் 7-லும் குறுக்கி ஒரு வெட்டு. இரண்டாவது கிட்டார் பல்லவியில் வாசிக்கவே கூடாது. அந்தத் தம்பி கையில் மணல் உருண்டை மாதிரி ஒரு ஷேக்கரைக் கொடுத்து எட்டுக் கட்டமும் ஆட்டச் சொன்னோம். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. கிட்டார் கற்க இரண்டு வருடம் டியூஷன் கட்டிய பிள்ளை. இடையிசையில் கம்பி கம்பியாகப் பிரித்து மீட்டும் பகுதி முழுக்க உனக்குத்தான் என்று பேசி முடித்தோம்.

மிச்சம் பேஸ். ஒரு பேஸ் கிட்டாரை இரவல் வாங்கினோம். வாசிக்க ஆள் இல்லை. யாரும் முன்வரவில்லை. கடைசியில் சி பிளாக் பிள்ளை ஒருத்தி வந்தாள். வயலின் கொஞ்சம் படித்தவள். "இதை வாசிச்சா யாருக்கும் கேக்காதுல்ல மாமா?" என்றாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உண்மைதானே. பொங்கலன்று கூட்டத்தில் இருந்த ஒருவராவது, இங்கே பேஸ் இல்லை என்று சொன்னாரா? அவளுக்கு மூன்றே அடி கொடுத்தோம்: 1, 4, 5. ஒன்றிலும் ஐந்திலும் கஹோனோடு சேர்ந்து விழ வேண்டும். நாலில் மட்டும் அவள் தனியாக முந்தி வர வேண்டும். அந்த நாலுதான் பாட்டை முன்னால் தள்ளும். ஊஞ்சலைத் தள்ளும் கை மாதிரி.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஷேக்கர் 8, கஹோன் ஆழம் 2, விளிம்பு 2, பேஸ் 3, கிட்டார் 2, கீபோர்டு 1. மொத்தம் 18. முன்பு தட்டியதில் பாதிகூட இல்லை. 2, 6, 8 மூன்று கட்டத்திலும் ஷேக்கரைத் தவிர யாரும் இல்லை. பாடுகிறவளின் சொல் அந்தச் சந்தில்தான் வெளியே வருகிறது. ஜமைக்கா நாட்டு ரெகே இசையில் ஒரு வகை உண்டு. அதில் எல்லோரும் ஓங்கி அடிக்கிற முதல் அடியையே டிரம்ஸ்காரர் காலியாக விட்டுவிடுவார். அந்தக் காலி இடம்தான் அந்தப் பாட்டுக்கே அடையாளம்.

சரணத்துக்கு வேறு சார்ட். அங்கே கஹோன் நின்றுவிடும், இரண்டு வரிக்குப் பேஸும் ஷேக்கரும் மட்டும். மூன்றாவது வரியில் கிட்டார். பல்லவி திரும்பும்போது எல்லோரும். கஹோன் பையனுக்கு ரோல் மொத்தப் பாட்டுக்கும் இரண்டு, அதுவும் வரி முடிந்த பிறகு. மூன்றாவது கேட்டான். தபலா அண்ணாச்சி என்னிடம் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

இப்போது கொஞ்சம் வாசித்துக் காட்டுவார்கள். பல்லவி மட்டும், மூன்று தடவை. முதல் தடவை பொங்கல் கணக்கு. இரண்டாவது புதுக் கணக்கு. மூன்றாவதில் ஒரு வேலை செய்யப்போகிறோம், அதை முன்னால் சொல்ல மாட்டேன்.

(வாசிப்பு. மூன்றாவது முறை பாதியில் பேஸ் கிட்டார் மட்டும் நின்றது. இரண்டு சுற்றுக்குப் பிறகு மீண்டும் சேர்ந்தது.)

பார்த்தீர்களா? பேஸ் நின்றதும் இந்த வரிசையில் நாலு பேர் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தீர்கள். கரண்ட் போய்விட்டதா என்று ஒருவர் ஸ்விட்ச் போர்டைப் பார்த்தார். பாடுகிற பெண்ணின் குரல் அப்படியேதான் இருந்தது, ஆனால் ஏதோ கயிற்றில் நடப்பதுபோல் ஆகிவிட்டது. மறுபடி சேர்ந்ததும் நீங்கள் நாற்காலியில் சாய்ந்தீர்கள். அம்மா, சி பிளாக் பிள்ளையே, அன்று நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இனி கரோக்கி விஷயம். அதை நான் குறை சொல்ல வரவில்லை. என் மனைவியே கரோக்கியில்தான் பாடுகிறாள். செலவு குறைவு, சத்தம் நம் கையில். ஆனால் டிராக் யாருக்காகவும் நிற்காது. பாடுகிறவர் ஒரு வரியை மறந்தால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். துரத்திப் பிடிக்க வேண்டும். போன வருடம் மாடியில் நம் அறுபது வயதுத் தம்பி ஒருவர் சரணத்தில் தடுமாறி அப்படியே மைக்கை வைத்துவிட்டுப் போனது நினைவிருக்கும். ஆள் வாசித்தால் அந்த இடத்தில் இரண்டு சுற்று சும்மா ஓட்டிக்கொண்டிருப்பார்கள், இவர் நிதானித்துச் சேர்ந்துகொள்ளலாம். வில்லுப்பாட்டுப் புலவர் கதைக்கு நடுவில் தண்ணீர் குடித்தால் குடக்காரர் காத்திருப்பார். இன்னொன்று, டிராக்கில் இந்தப் பங்கீட்டை எல்லாம் வேறு யாரோ முன்பே செய்துவைத்துவிட்டார்கள். ஷேக்கர் ஆட்டச் சொன்னதும் முகம் வாடிய தம்பி, நாலாம் நாள் தானாகவே சரணத்தில் ஷேக்கரையும் நிறுத்திப் பார்ப்போமா என்று கேட்டான். அதை எந்த டிராக்கும் அவனைக் கேட்கவைத்திருக்காது.

சத்தம் பற்றிய புகார் நியாயம். அதை மறுக்கப்போவதில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நம் விழா 9.30-க்கு முடியட்டும் என்று நானே திருத்தம் கொடுக்கிறேன். ஸ்பீக்கரையும் பாதியாகக் குறைத்துவிட்டோம். நாற்பது புள்ளியும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் ஒவ்வொருவரும் சத்தத்தைக் கூட்ட வேண்டிவருகிறது. பதினெட்டுக்கு அது தேவைப்படவில்லை. இப்போது வாசித்தது பொங்கலன்று வைத்ததில் பாதி அளவு. நம்பாதவர்கள் கீபோர்டு தம்பியிடம் கேளுங்கள், குமிழைக் காட்டுவான்.

பேஸ் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தாழ்ந்த சத்தம் சுவரையும் தரையையும் எளிதாகக் கடந்துவிடும். முதல் மாடிப் பாட்டியின் அலமாரிக் கண்ணாடி அன்று அதிர்ந்தது கஹோனாலும் கீபோர்டின் இடது கையாலும்தான். ஆகவே பேஸ் ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் ஸ்டூல் போட்டு, அடியில் பழைய ரப்பர் மிதியடி இரண்டு மடித்து வைத்திருக்கிறோம். சுவரோரத்திலிருந்தும் தள்ளியாயிற்று. பாட்டி இன்று மேலேயேதான் இருக்கிறார். அவர் பேரன் கதவுப் பக்கத்தில் நிற்கிறான். இப்போது முழுப் பாட்டு வாசிக்கப்போகிறார்கள். கண்ணாடி அதிர்ந்தால் பாட்டி போன் பண்ணுவார், பேரன் கையைத் தூக்குவான், நாம் அப்போதே குறைத்துக்கொள்வோம்.

தம்பி, ஷேக்கர் எடுத்துக்கொண்டாயா? சரி. எண்ணிக்கொடு.